காசில் நின்ற பனை

அக்காவின் கணவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. இது அவருடைய சொந்த அபிப்பிராயம். இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்து ரெய்னர்ஸ் லேனில் இரண்டு கடை வைத்திருப்பவருக்குச் சரித்திரம் மட்டும் தெரியாமல் போகுமா?

பதினோரு வருடமாக நான் ஓர் அருங்காட்சியகத்தின் நாணய அறைக்குக் காவல். சீருடை போட்டு நின்று, கண்ணாடிப் பெட்டிகளில் சாய்பவர்களை விலக்குவது என் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் குடும்பத்தோடு வந்தார். கடல் வியாபாரிகளான பழைய கார்த்தேஜ் நகரத்தாரின் வெள்ளிக்காசு ஒன்றின் முன்னால், கண்ணாடியில் மூக்கு முட்ட நின்றார். காசில் ஒரு குதிரை, பின்னால் ஒரு மரம்.

“இது எங்கட பனையெல்லோ!”

“இல்லை அத்தான், பேரீச்சை. குலை தொங்குது பாருங்கோ.”

“அது நுங்குக் குலை.”

அந்த இடத்திலேயே அவருக்குச் சரித்திரம் பிறந்துவிட்டது. யாழ்ப்பாணத்தார் கார்த்தேஜோடு வியாபாரம் செய்தார்களாம், காசே சாட்சியாம். அந்தக் கார்த்தேஜ் வியாபாரிகள் காசே அடிக்காமல் நெடுங்காலம் பண்டமாற்றிலேயே கொழித்தவர்கள், பிறகு சிசிலித் தீவில் அடித்ததும் பெரும்பாலும் கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்கத்தான் என்று விளக்கினேன். அத்தான் என் சீருடையை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ காவலுக்கு நிக்கிறனி. உனக்கென்ன தெரியும்?”

அடுத்த மாதம் மண்டபத்தில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு விழா. அதே வாய் மைக்கைப் பிடித்து, பனைக் காசுக் கதையைச் சொல்லிவிட்டு, “மியூசியத்திலை பெரிய பதவியிலை இருக்கிற என்ர மச்சான் இதை இப்ப உறுதிப்படுத்துவார்” என்றது. அவர் மானத்தை வாங்கிவிட்டுத்தான் இறங்குவது என்று மேடை ஏறினேன். வாய் திறப்பதற்குள் பொன்னாடை போர்த்திவிட்டார்கள். முதல் வரிசையில் அக்கா கண்கலங்கி இருந்தாள். கூட்டம் கைதட்டியது; என்னைப் பார்த்து யாரும் அதுவரை கைதட்டியதில்லை.

“ஓம், பனைதான்” என்றேன்.

மண்டபம் அதிர்ந்தது. அந்த முட்டாள் கூட்டத்தோடு இருந்து இரண்டு தரம் கொத்து ரொட்டி வாங்கிச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அருங்காட்சியகத்தில் அந்தக் காசுப் பெட்டியருகே வந்து, அது என்ன மரம் என்று கேட்டார். பேரீச்சை என்று ஆங்கிலத்தில் உடனே சொன்னேன். குலைகளைக்கூட விரலால் காட்டினேன். அவர் நன்றி சொல்லிப் போனார்.

அத்தானை விசரன், பைத்தியம் என்று வீட்டில் எத்தனை தரம் திட்டியிருப்பேன். அந்த மனிதர் பனை என்று நம்பித்தான் சொன்னார்.