காது வெட்டாத ஆடுகள்

"காது வெட்ட வேணாம் மச்சான்" என்று நான் சொன்னதும் முதலில் சிரித்தவள் என் மனைவி. பிறகுதான் அவளுடைய அண்ணன் சிரித்தார். பட்டியின் படல் ஓரமாக பீடி பிடித்துக்கொண்டு நின்றிருந்த இரண்டு பேருக்கு விஷயம் முழுதாகத் தெரியாது. ஆனாலும் அவர்களும் சிரித்தார்கள்.

அது 1993. செஞ்சி சந்தையில் இரண்டு பெட்டை ஆடு பிடித்துக்கொண்டு வந்திருந்தோம். ஒன்று முழுக் கறுப்பு. இன்னொன்று செவலை, அதற்கு முகத்தில் ஒரு பாதி மட்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை. நாங்கள் குடியிருந்தது திண்டிவனத்தில் வாடகை வீடு. அங்கே ஆடு கட்ட இடம் ஏது? அதனால் மண்டகப்பட்டுப் பக்கத்தில் இருந்த மச்சான் பட்டியில் வாரத்துக்கு விட்டோம். வாரம் என்றால், தாய் ஆடு நம்முடையது, வளர்ப்பது அவர். போடுகிற குட்டிகளில் பாதி அவருக்கு, பாதி நமக்கு.

அங்கெல்லாம் ஒரே பட்டியில் நாலைந்து பேருடைய ஆடுகள் நிற்கும். கலந்துவிடாமல் இருக்கக் காதில் பிளேடால் கீறி விடுவார்கள். மச்சானுடைய ஆடுகளுக்கு இடது காதில் ஒரு கீறு. மற்றவர்களுக்கு வலது காதில், நுனியில், நடுவில் என்று ஆளுக்கு ஒரு விதம். அன்றைக்கு அவர் செவலையின் கழுத்தைக் கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு பிளேடை எடுத்தபோது அது கத்திய கத்தல் எனக்குத் தாங்கவில்லை. பிளேடு இன்னும் தொடக்கூட இல்லை.

"கீறாம வுட்டா உங்க ஆடு எதுன்னு எப்புடி மாப்ளே தெரியும்?"

"மத்தது எல்லாத்துக்கும் கீறியிருக்குதே. கீறாதது என்னுது."

எனக்கு அது சரியான யோசனையாகத்தான் தோன்றியது. கீறாத காதை எந்த நாளிலும் கீறிவிடலாம், கீறிய காதை ஒட்டவைக்க முடியாது என்பது எனக்கு உறைக்கவில்லை. மச்சானுக்கு அந்த நிமிஷமே உறைத்திருக்கும். அவர் ஆட்டை விட்டுவிட்டு, பிளேடைத் துடைத்துக் கூரை ஓலையில் செருகினார். "மாப்ளே சொன்னா சரிதான்" என்றார்.

என் மனைவி அந்தப் பீடிக்காரர்களிடம் சொன்னாள்: "ஊரான் மூட்டைக்கெல்லாம் மார்க்கு போட்டுத்தான் இவருக்குச் சம்பளமே. தன் ஆட்டுக்கு மட்டும் போட மாட்டாராம்."

அது உண்மைதான். நான் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் வேலை பார்த்தேன். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். விவசாயிகள் கொண்டுவரும் மூட்டைகள் கலந்துவிடாமல் ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு மையால் அவரவர் எழுத்தைப் போடுவது என் வேலை. பத்தாவது படித்தவனுக்கு அதுவே பெரிது என்று முதலாளி சொல்வார். எனக்கு வாய் கிடையாது. நாலு பேர் நிற்கிற இடத்தில் தொண்டை அடைத்துவிடும். மண்டியில் எனக்குப் பெயர் ஊமையன். "ஏய் ஊமையா, கத்திச் சொல்லுடா, இது யாரு மூட்டை?" என்று வேண்டுமென்றே கூட்டத்தில் கேட்பார் முதலாளி. நான் விரலால் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஆடுகளுக்கு முன்னால் மட்டும் தொண்டை அடைக்காது. வயதான பிறகு ஆடுகளோடு இருந்துவிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதற்கு அதைவிடப் பெரிய காரணம் இல்லை.

இடம் இருந்தது. என் மனைவிக்கு அவள் பிறந்த வீட்டில் மஞ்சக்காணியாகக் கொடுத்த அரை ஏக்கர் கொல்லை, மச்சான் நிலத்தை ஒட்டியே. பாதிக்குப் பாறை. மிச்சத்தில் மழையை நம்பி மல்லாட்டை போடலாம். நாங்கள் போகும்வரை மச்சான் உழுதுகொள்ளட்டும் என்று விட்டிருந்தோம். கரண்டு போன சாயங்காலங்களில் திண்டிவனம் வீட்டு வாசலில் உட்கார்ந்து நான் கொட்டகை போடுவேன், வாயால்தான். வேப்ப மரத்தடியில் பட்டி. பாறைக்கு மேற்கே வீடு. பாறை மேல் குட்டிகள் ஏறி விளையாடும்.

"பாறையத்தான் வேக வச்சுத் தின்னணும்" என்பாள் என் மனைவி. "அந்தக் கொல்லைல மனுசன் பொழைக்க முடியாது. ஆடு நின்னாத்தான் நான் வருவேன். ஒரு பத்து பன்னண்டு உருப்படி நம்மளுதுன்னு நிக்கட்டும், மறுநாளே மூட்டை கட்டுறேன். இல்லாட்டி நீங்க மட்டும் போய்ப் பாறைமேல உக்காந்துக்கினு இருங்க."

பையன் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அவனும் சேர்ந்துகொள்வான். "அப்பா மனுசங்ககிட்ட பேசாததெல்லாம் சேத்துவச்சு ஆட்டுங்ககிட்ட பேசப் போறாரும்மா. ஆடு பாவம்."

ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டருக்கு மச்சான் வீட்டுக்குப் போவோம். தவக்காலம் முழுக்கக் கறி தொடாமல் இருந்துவிட்டுப் போவதால் அந்த வீட்டுக் குழம்பு வாசனை தெருமுனையிலேயே காலைக் கட்டும். இலை போட்டு, மச்சான் மனைவி, "சாப்புடுங்கண்ணா, கூச்சப்படாதீங்க" என்று எலும்பும் ஈரலுமாக அள்ளி வைக்கும். சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் மச்சான் சொல்வார்.

"உங்களுது ரெண்டு கழிச்சல்ல போச்சு மாப்ளே."

அடுத்த வருஷம் நாய் கடித்தது. அதற்கடுத்த வருஷம் செஞ்சி ரோட்டில் லாரி அடித்தது. ஒரு வருஷம் பாம்பு. எது வந்தாலும் எங்களுடையதைத்தான் தேடி வந்தது. முதல் செவலையும் கறுப்பும் எப்போதோ போய்விட்டன. அவை போட்ட குட்டிகளில் எங்கள் பங்கு எப்போதும் ஒன்று, இரண்டு என்றே நின்றது. மச்சான் பட்டி மட்டும் வருஷத்துக்கு வருஷம் பெருத்தது. நான் படலுக்கு வெளியே நின்று பார்ப்பேன். பாதி முகம் வெள்ளையாக ஆடுகள் அங்கே நிறைய இருந்தன. எல்லாவற்றுக்கும் இடது காதில் ஒரு கீறு இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் என் மனைவி ஆரம்பிப்பாள். "செத்ததோட தோலாவது எங்கன்னு கேட்டீங்களா? நீங்க ஆம்பளதானே?"

"உங்க அண்ணன்தானே, நீ கேக்கலாமில்ல?"

"நான் எப்படிங்க கேப்பேன்? எனக்குப் பொறந்த வூடு ஒண்ணாவது வேணாமா?"

அண்ணன் எதிரில் அவள் வாய் திறக்க மாட்டாள். குழம்பு நல்லா இருந்தது என்று மட்டும் சொல்வாள். மிச்சத்தையெல்லாம் திண்டிவனம் வரும்வரை என்மேல் கொட்டுவாள். அக்கம்பக்கத்து சீட்டுக்காரர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் ஜன்னலைப் பார்ப்பேன்.

என் முதுகுத்தண்டு விலகியது மூட்டை தூக்கியதால். மார்க்கு போடுகிறவன் மூட்டை தூக்க வேண்டியதில்லை. ஆள் வராத நாளில் முதலாளி தூக்கச் சொன்னார், தூக்கினேன். ஒரு மாதம் படுத்துவிட்டு மண்டிக்குப் போனபோது என் மை டப்பாவோடு வேறொருவர் உட்கார்ந்திருந்தார். முதலாளி எல்லோர் எதிரிலும் சொன்னார்: "நீதான் ஆடு மேய்க்கப் போறேன்னு சொல்லிக்கினு இருந்தியே. போ, ஜல்தியா போ. அதுங்க உனக்காகக் காத்துக்கினு இருக்கும்."

பையனுக்கு அதற்குள் கல்யாணம் ஆகி, விழுப்புரத்தில் செல்போன் கடையில் வேலை. அவனிடம் போனோம். நாங்கள் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே, "ரெண்டே ரூம்புதாம்பா" என்றான். மருமகள் நல்ல பெண். எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, எங்கள் செருப்புகளைத் திரும்பிப் போகிற பக்கம் பார்த்து ஒழுங்காக எடுத்து வைத்தாள்.

ஆக, போக வேண்டிய இடம் கொல்லைதான். போவதற்கு ஆடு வேண்டும். வாடகை வீட்டுக்காரரிடம் ஆவணியோடு காலி செய்வதாகச் சொல்லிவிட்டோம்.

எத்தனை உருப்படி நிற்கிறது என்று பார்த்து வர நான் மட்டும் போனேன். ஈஸ்டர் இல்லாத நாளில், சொல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. மண்டகப்பட்டு நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன். வெயில் ஏறியிருந்தது. மச்சான் பட்டிக்கு வெளியே குந்திக்கொண்டிருந்தார். கால்களுக்கு இடையில் ஒரு குட்டி. கையில் பிளேடு.

குட்டி செவலை. முகத்தில் பாதி வெள்ளை. இரண்டு காதும் முழுசு.

அவர் மறைக்கவில்லை. திடுக்கிடவும் இல்லை. "வாங்க மாப்ளே, இன்னா சொல்லாம கொள்ளாம? நல்ல நேரத்துலதான் வந்தீங்க. கொஞ்சம் காலைப் புடிங்க, ரொம்பத் துள்ளுது."

நான் உட்கார்ந்து காலைப் பிடித்தேன்.

இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வந்து நின்றிருந்தது. கைகள் மட்டும் அவர் சொன்னதைச் செய்தன. குட்டி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கத்தியது. இடது காதில் ஒரு கீறு விழுந்தது. தலையை உதறியதில் ரத்தம் என் சட்டையில் தெறித்தது. மச்சான் காயத்தில் சாம்பலை அப்பினார். "இது எங்க பங்குல வந்தது" என்றார், நான் கேட்காமலே. பிறகு டீ குடித்தேன். விழுப்புரம் வழியாக வீட்டுக்கு வந்தேன்.

"சட்டையில இன்னா ரத்தம்?" என்றாள் என் மனைவி.

சொன்னேன். அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"யார் புடிச்சா காலை?"

நான் சட்டைப் பொத்தானைக் கழற்றினேன்.

"நீங்களே புடிச்சீங்களா?"

அன்றைக்கு அவள் என்னைத் திட்டவில்லை. அதுவரை திட்டியது எல்லாவற்றையும்விட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் இரண்டு பேரும் போனோம். மச்சான் வீட்டு வாசலில் அக்கம்பக்கத்து ஆட்கள் சிலர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி உள்ளே போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்.

"அண்ணா, எங்க ஆட்டை ஓட்டிக்கினு போக வந்திருக்கோம்."

"தாராளமா. காது முழுசா இருக்கிறதெல்லாம் உங்களுது. மாப்ளே சொன்ன சட்டந்தானே அது? போய்ப் பொறுக்கிக்க."

பட்டியில் முழுக் காதோடு ஓர் ஆடுகூட இல்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். ஒருவர் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைத் துடைத்தார்.

என் மனைவி நேராகப் பட்டிக்குள் போனாள். கூரை ஓலையில் கையை விட்டுத் துழாவி, பிளேடை எடுத்தாள்.

"அடியே, உனக்கு இன்னா பைத்தியமா?"

"ஆமா. வருசா வருசம் வந்து என் ஆட்டையே தின்னுட்டு, குழம்பு நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டுப் போனேனில்ல? பைத்தியந்தான்." என் பக்கம் திரும்பினாள். "நேத்து அங்க புடிச்சீங்களே, அதே மாதிரி இங்க காலைப் புடிங்க."

பிடித்தேன். பாதி முகம் வெள்ளையாக இருந்த ஒவ்வோர் ஆட்டுக்கும் பழைய கீறலுக்குப் பக்கத்தில் இன்னொரு கீறு போட்டாள். அவளுக்குப் பழக்கமில்லை. சிலவற்றில் காது கிழிந்தது. நேற்று கீறிய குட்டியின் காயம் ஆறவில்லை; அதன்மேலேயே போட்டாள். "ரெண்டு கீறு எங்களுது. எல்லாரும் பாத்துக்குங்க."

மச்சான் எழுந்து வந்தார். துண்டால் வாயைத் துடைத்தவரே அப்போது, "மூஞ்சியெல்லாம் ஒண்ணாத்தாம்ப்பா இருக்குது" என்றார். மச்சான் நின்றுவிட்டார். கடைசியாக என் மனைவி ஒரு கறுப்பு ஆட்டைப் பிடித்தாள். அதன் முகத்தில் வெள்ளையே இல்லை. அது எங்களுடையதா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் காலைப் பிடித்தேன்.

"ஓட்டிக்கினு எங்க போவே?" என்றார் மச்சான். "தலைமேல வச்சிப்பியா?"

"எங்க கொல்லைக்கு."

"அதுல மல்லாட்டை போட்டிருக்கேன்."

"அதுங்களும் பசியோடதான் இருக்குது."

ஆடுகளைக் கொல்லைக்குள் விட்டோம். செடி பூத்து, விழுது இறங்கும் பருவம். வருஷக்கணக்காக மூட்டைமேல் கை வைத்தே மல்லாட்டையின் தரம் அறிந்தவன் நான். நல்ல வெள்ளாமை என்று பார்த்ததும் தெரிந்தது. ஆடுகள் வரிசையாக இறங்கின. அப்போதுதான் மச்சான் மனைவி ஓடி வந்தது. அந்தக் கொல்லைக்குக் களை எடுத்தது, கொத்தியது எல்லாம் அதுதான். ஆடுகளின் நடுவில் நின்று கையை வீசிக் கத்தியது. என் மனைவி பாறைமேல் உட்கார்ந்துகொண்டாள். மச்சான் மனைவி என்னிடம் வந்தது.

"நீங்களாவது சொல்லுங்கண்ணா. என் கையெல்லாம் பாருங்கண்ணா."

கையை விரித்துக் காட்டியது. எலும்பும் ஈரலுமாக எனக்கு அள்ளி வைத்த கை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மனைவி ஆடுகளை வெளியே ஓட்டியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். எனக்குத் தொண்டை அடைக்கவில்லை அன்றைக்கு. பேச முடியும் என்று எனக்கே தெரிந்தது. பேசவில்லை.

இருட்டுவதற்குள் தரை தெரிந்துவிட்டது.

அந்த ஆவணியிலேயே குடிவந்தோம். பட்டி வேப்ப மரத்தடியில், வீடு பாறைக்கு மேற்கே, நான் வாயால் போட்டுவைத்தபடியே. மச்சான் வீடு கூப்பிடு தூரம். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ஈஸ்டருக்குக் குழம்பு வாசனை மட்டும் வரும்.

குட்டி பிறந்தால் காது வெட்டுவது இப்போது நான்தான். முதுகு குனிய முடியாததால் பாறைமேல் உட்கார்ந்து, தலையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொள்வேன். மார்க்கு போட்ட கை. இரண்டு கீறும் ஒரே அளவாக விழும். கத்தல் கேட்டதும் என் மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்.

"ஆச்சா?"

"ஆச்சு" என்பேன், சத்தமாக.