இலை வண்டிக்குப் புகைச் சோதனை

என் கணவர் வண்டி ஓட்டுவதைப் பார்த்தால், நிறைமாதக் கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். பின்னால் இருப்பது என்னவோ வாழையிலை. சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டங்களில் விடிந்ததும் அறுத்து, கட்டுக்கட்டாக அடுக்கி, மலாக்கா டவுனிலும் ஆயர் குரோவிலும் இருக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் கொண்டுபோய்ப் போடுவது எங்கள் பிழைப்பு. ஓரம் கிழிந்த இலையைக் கல்யாணக்காரர்கள் வாங்க மாட்டார்கள். அதனால் இவர் ஓட்டினால் முள் ஐம்பதைத் தாண்டாது. லாரிக்காரன் ஹாரன் அடித்து, முந்தும்போது கையை நீட்டித் திட்டிவிட்டுப் போவான். இவர் சிரித்துக்கொண்டே ஒரு கும்பிடு போடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மானம் போகும்.

இத்தனைக்கும் அது பந்தய வண்டி. எங்களுக்கு முன் அதை வைத்திருந்தவர் அலோர் காஜாவில் வேகப் பைத்தியம் பிடித்த ஒருவர். டீசல் பிக்அப்பின் உடம்பைத் தூக்கி, தடித்த டயர் போட்டு, தொடை அளவுக்குப் புகைக்குழாய் மாட்டியிருந்தார். போதாததற்கு, எஞ்சினுக்குள் கூடுதலாக டீசல் ஊற்றச் செய்யும் ஒரு சின்னப் பெட்டியும் வைத்திருந்தார். தோட்டத்துச் சேற்றில் மாட்டாது என்று உயரத்தைப் பார்த்து மயங்கி இவர் வாங்கிவிட்டார். அந்தப் பெட்டியைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

தெரியவைத்தவர்கள் சாலை அதிகாரிகள். ஒருநாள் ஆயர் குரோவில் மடக்கி, ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார்கள். வந்த கரும்புகையில் பக்கத்தில் நின்ற அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார். கையில் நோட்டீஸ் கொடுத்தார்கள். குறித்த நாளுக்குள் புகைச் சோதனையில் தேற வேண்டும், இல்லையென்றால் வண்டி சாலையில் இறங்கக் கூடாது. முதல் தடவை போனோம், தோற்றோம். கெடு முடிவதற்குள் மறுசோதனைக்கு மீதி இருந்தது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையோ எண்ணூறு இலைக்குச் சொல்லியிருந்த ஒரு பெரிய கல்யாணம். வண்டி நின்றால் அந்தக் கல்யாணம் மட்டுமல்ல, தினம் இலை எடுக்கும் கடைகளும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். காலையில் இலை வராத கடைக்காரர் மத்தியானம் வரை எங்களுக்காகக் காத்திருப்பாரா?

எங்கள் மெக்கானிக் அலோர் காஜாவில் முப்பது வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். பெட்டியைக் கழற்றினார், பழையபடி சாதாரணக் குழாயை மாட்டினார், அடைத்ததையெல்லாம் மாற்றினார். அப்படியும் புகை வந்தது. கடைசியில், "அண்ணே, நீங்க ஓட்டுங்க, நான் பாக்குறேன்" என்று இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று போய்விட்டு வந்தார். வரும்போதே சிரிப்பு.

"வண்டிக்கு ஒன்னும் இல்ல லா, அண்ணே. ஒங்க காலுதான் சரியில்ல. இலை பாரமே இல்ல, நீங்களும் மிதிக்கறதில்ல. எஞ்சின் நல்லா சூடாகவே மாட்டேங்குது. கரியெல்லாம் உள்ளயே படிஞ்சு கெடக்கு."

"இப்ப என்னா செய்யறது?" என்று நான் கேட்டேன்.

"நல்லா பாரம் ஏத்துங்க, அண்ணி. ஹைவேல மூனாவது கியர்லயே வச்சு அரை மணி நேரம் வெரட்டுங்க. ஆயில், பெல்ட் எல்லாம் பாத்துட்டேன், தாங்கும். அப்பறம் எஞ்சின அணைக்காம நேரா டெஸ்டுக்குப் போயிருங்க."

இவர் முகம் செத்துவிட்டது. பதினோரு வருடமாகத் தினமும் துடைத்து, செல்லம் கொஞ்சி ஓட்டுகிற வண்டி. "வெரட்டறதா?" என்று இரண்டு முறை கேட்டார்.

பாரத்துக்கு எங்கே போவது? தார் வெட்டிய பிறகு தோட்டத்தில் சாய்த்துப் போட்ட வாழைமரங்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. உள்ளே முழுக்கத் தண்ணீர், ஒன்றைத் தூக்கினாலே இடுப்பு விட்டுப்போகும். வெள்ளிக்கிழமை காலை தோட்டக்காரரும் நாங்களுமாக வண்டி நிறைய ஏற்றினோம். எங்கள் வண்டி பின்பக்கம் தாழ்ந்து அன்றுதான் பார்த்தேன்.

டோல் வரைக்கும் அவர்தான் ஓட்டினார். மேட்டில் எஞ்சின் கொஞ்சம் உறுமினாலே கால் தானாக மேலே வந்துவிடும். "கத்துதும்மா" என்பார். டோலுக்கு முன்னால் ஓரமாக நிறுத்தச் சொல்லி, "எறங்குங்க" என்றேன். அவருக்குக் காய்ச்சல் வந்த ஒரு வாரம் நான் இலை எடுத்துப்போய் இரண்டு கட்டைக் கிழித்ததிலிருந்து சாவியை என்னிடம் கொடுப்பதில்லை. அன்று இறங்கி இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, பெல்ட்டை இறுக்கிக்கொண்டார்.

மிதித்தேன். வண்டி ஓலமிட்டது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வந்த வெள்ளைக் காரே தெரியவில்லை, ஒரே கரி. அந்தக் காருக்குள் யார் இருந்தார்களோ, அவர்களிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு காலை எடுக்காமல் போனேன். ஆயர் குரோவைத் தாண்டி, அடுத்த வெளிவாசலில் இறங்கி, எதிர்ப்பக்கமாகத் திரும்பவும் ஏறினேன். இவர் இருக்கையில் முழுக்கத் திரும்பி பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார். வரும் வழியில், "கொறையுதும்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாவே கொறையுது, விடாத" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

ஆயர் குரோவுக்கு வெளியே எங்களுக்குத் தெரிந்த மாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். மரங்களை மாட்டுக்குப் போட அவரிடம் இறக்கினோம். வண்டி நிறைய வாழைமரத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கு லா கல்யாணம்? எனக்குப் பத்திரிகையே வரலையே" என்றார். பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. எஞ்சின் ஆறிவிடக் கூடாதென்று ஓட்டும் இடத்திலேயே உட்கார்ந்து உறுமவிட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் இறக்கினார்கள்.

சோதனை நிலையத்தில் எங்களுக்கு முன்னால் நான்கு லாரிகள். ஒவ்வொன்றும் நகர்வதற்குள் என் உயிர் போய் உயிர் வந்தது. எங்கள் முறை வந்ததும் ஒரு மலாய்க்காரத் தம்பி ஏறி வண்டியை உள்ளே கொண்டுபோனார். நாங்கள் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றோம். புகைக்குழாய்க்குள் ஒரு கம்பியைச் செருகிவிட்டு, அடிவரைக்கும் மிதித்தார். இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஒன்று. கால் எடுத்தார். மறுபடியும் மிதித்தார். இரண்டு. மூன்று. நான் குழாய் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ மங்கலாக வந்தது போலவும் இருந்தது, வராதது போலவும் இருந்தது. அந்தத் தம்பியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நோட்டீஸ் வந்த நாளிலிருந்து வீட்டில் நான் வாய் ஓயாமல் இவரைத் திட்டியிருக்கிறேன். வண்டி வாங்கத் தெரியவில்லை, ஓட்டத் தெரியவில்லை என்று. அத்தனையும் கோபம் இல்லை, பயம். ஐம்பத்து மூன்று வயதில் இனி எந்த வேலைக்குப் போய் நிற்பது என்ற பயம். அவருக்கும் அதே பயம்தான் இருந்திருக்கும். அவர் திட்டவில்லை, அவ்வளவுதான்.

கவுண்டரில் கூப்பிட்டார்கள். ஒரு தாளை நீட்டி, "லூலுஸ், மக்சிக்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த ஆளைப் பார்த்தாள். பாஸ், ஆன்ட்டி. அவ்வளவு சுருக்கமாக. நான் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இவர் அந்தச் சுவரோரமே நின்றுகொண்டிருந்தார்.

"என்னா போட்டிருக்கு?"

"லூலுஸ்."

"எங்க, இன்னொரு தடவ படி."

மலாய்ப் பள்ளியில் கடைசி வகுப்பான படிவம் ஐந்து வரைக்கும் படித்த மனிதர். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. அதை எடுத்துப் போட்டுப் பார்த்தார், கழற்றித் துடைத்தார், மறுபடியும் பையிலேயே வைத்துவிட்டார். நான் வண்டி நம்பரிலிருந்து தொடங்கி, ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன்.

"இன்னொரு தடவ."

மூன்றாவது தடவை படிக்கும்போது எனக்கும் எழுத்துத் தெரியவில்லை.