ஹார்லிஸ் குழலுக்கு ஏறிய நீலம்

லியோட்டா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கென்டக்கி மலைப்பாதையில் இருபத்திரண்டு வருடம் ஓட்டியும் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. மனசில் ஒன்று உண்டு. அதை அவள் ஆறவே விடவில்லை.

போட்டவன் அக்காள் புருஷன் ஹார்லிஸ். குழல்வாயில் மருந்து கெட்டித்துச் சுடும் பழைய பாணித் துப்பாக்கியைப் பெட்டியில் பாகம் பாகமாக வாங்கி, குளிர்காலம் முழுக்க வீட்டிலேயே இழைத்துக் கூட்டி, வசந்தகாலப் போட்டிக்குக் கொண்டுவருவது அந்த ஊர் வழக்கம். போன வருடம் லியோட்டா தன் முதல் துப்பாக்கியோடு போனாள். இரும்புக் குழல் துருப்பிடிக்காமலிருக்கக் கருநீல மெருகு ஏற்றுவார்கள்; அந்த நீலத்துக்கு அவள் கடையில் விற்கும் குப்பிச் சாயத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவியிருந்தாள். அரைமணி வேலை. ஹார்லிஸ் வெள்ளைக் கைக்குட்டையில் எச்சில் தொட்டுக் குழல்மேல் ஒரு இழு இழுத்தான். துணி கறுத்துவிட்டது.

"பாருங்கய்யா! கொழுந்தியா துப்பாக்கிக்குக் கண்மை போட்டுக் கூட்டியாந்திருக்கா!"

அறுபது பேர் சிரித்தார்கள். அக்காள் வெல்டாவும் சேர்ந்து சிரித்தாள். அன்றைக்கு லியோட்டா சுட்ட ஐந்து குண்டில் ஒன்றுகூடக் குறிப்பலகையில் படவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் அவள் நீலம் ஏற்ற மெதுவான வழியைப் பிடித்தாள். பிசுக்குப் போகக் கழுவிய குழலில் துருவேற்றும் திராவகம் தடவி, குளியலறை ஈரத்தில் தொங்கவிட்டு, வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்தாள். கூரை ஓரத்திலிருந்து கழற்றிய மழைத்தண்ணீர்த் தகரக் கால்வாயை அடுப்பில் ஏற்றி, அதில் தண்ணீர் ஊற்றிக் குழலைக் கொதிக்கவிட்டாள். செந்துரு கருப்பாக மாறியதும் இரும்புப் பஞ்சால் நீவி, மறுபடி முதலிலிருந்து. ஒருமுறை மறதியாக வெறுங்கையால் தொட, பெருவிரல் ரேகை குழலில் அப்படியே விழுந்தது. மொத்தத்தையும் சுரண்டிவிட்டுத் திரும்பத் தொடங்கினாள். தேய்த்ததெல்லாம் ஹார்லிஸின் மூக்கை உடைப்பதை நினைத்துத்தான்.

பிப்ரவரியில் அவனே வாசலில் வந்து நின்றான். கையில் புதுக் குழல். அதன் அடியில், மருந்தை இடித்து இறக்கும் கெட்டிக்கோலைத் தாங்கும் பட்டை ஈயப்பற்று வைத்து ஒட்டியிருந்தது.

"ஏ கொழுந்தியா, துருப்பிடிக்க வச்சுத் தேய்க்கிறதுக்கெல்லாம் எனக்குப் பொறுமை இல்ல. கொதிக்கிற காரஉப்புல முக்கி எடுத்தா ஒரு மணிநேரத்துல கன்னங்கரேல்னு வந்துருமாமே?"

அந்த உப்பு ஈயத்தைத் தின்றுவிடும். லியோட்டாவுக்கு அது நன்றாகவே தெரியும். சொல்ல வாயெடுத்தாள். அக்காளின் சிரிப்பு ஞாபகம் வந்தது.

"வரும் அத்தான். சும்மா பளபளன்னு வரும். கூடக் கொஞ்ச நேரம் ஊறவிடுங்க."

போட்டியன்று, உப்பில் முக்கிக் கன்னங்கரேலென்று வந்திருந்த ஹார்லிஸின் துப்பாக்கியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். லியோட்டாவின் குழலை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவள் பொறுத்திருந்தாள். ஹார்லிஸ் மூன்றாவது குண்டு சுட்டதும், அதிர்வில் பட்டை பிய்ந்து கெட்டிக்கோலோடு அவன் காலடியில் விழுந்தது.

"ஹார்லிஸு, உன் துப்பாக்கி கால்சட்டையை அவுத்துப் போட்டுருச்சுடா!" என்று எவனோ கத்தினான்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கொடுமை என்னவென்றால் ஹார்லிஸும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பெட்டி வித்தவன் ஏமாத்திட்டான்யா!"

லியோட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்காகவா இத்தனை மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்?

"வித்தவன் மேல தப்பு இல்ல அத்தான். அந்த உப்பு ஈயத்தத் தின்னுரும். நீங்க வந்து கேட்டப்பவே எனக்குத் தெரியும்."

சிரிப்பு சட்டென்று நின்றது.

"அடிப்பாவி!" என்றாள் வெல்டா. "அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"ஆகாதுன்னும் தெரியும். விழுறது பட்டை மட்டுந்தான்."

ஹார்லிஸின் முகம் வெளுத்துவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, லியோட்டா."

"நீங்களும் அன்னைக்கு என் காதோட சொல்லியிருக்கலாம்."

மத்தியானச் சாப்பாட்டில் அவள் மேசைப் பக்கம் ஒருவரும் வரவில்லை. வெல்டா தட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். லியோட்டா அவரைக்கொட்டைக் குழம்பில் சோளரொட்டியைப் பிட்டுப்போட்டு, தனியாக உட்கார்ந்து, ஒரு வருடமாக இல்லாத பசியோடு, இரண்டு தட்டு சாப்பிட்டாள்.