பச்சை எழுத்தில் அண்ணாவின் இலக்கம்

மூதூர், கட்டைபறிச்சான் பக்கத்துச் சனம் சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்துகொண்டிருந்த காலம். நான் திருகோணமலையில், துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சின்னக் கணினி நிலையத்தில் வேலை செய்தேன். இடம்பெயர்ந்தவர்களின் விபரங்களைப் பதிய மென்பொருள் ஒன்று கேட்டிருந்தார்கள். அவசர வேலை.

அதில் எனக்குப் பெரிய தலையிடி அடையாள அட்டை இலக்கம்தான். பதிகிறவர்கள் ஓர் எண்ணை விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் சைபருக்குப் பதில் ஆங்கில ‘ஓ’ எழுத்தை அடித்துவைப்பார்கள். அதைப் பிடிக்க ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என்று ஒரே ஒரு வரி எழுதவேண்டும். ஒன்பது எண்கள், கடைசியில் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என்ற எழுத்து. அப்படி இருந்தால் பச்சையில் ‘சரி’ என்று வரும், இல்லாவிட்டால் சிவப்பில் ‘பிழை’ என்று வரும். ஆள் யார், எவர் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

எழுதிய வரியைச் சோதிக்க ஏதாவது ஓர் இலக்கம் வேண்டுமே. என்னுடையதையே நான் அட்டையைப் பார்த்துத்தான் சொல்வேன். மனப்பாடமாக இருந்தது அண்ணாவுடையது மட்டும்தான். மூதூருக்கு வேலைக்குப் போன அவர் திரும்பி வராமல் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அவரைத் தேடி அம்மாவும் நானும் ஏறி இறங்கிய அரசாங்கக் கந்தோர்களில் எல்லாம் அந்த இலக்கத்தைத்தான் முதலில் கேட்டார்கள்.

அன்று மத்தியானமும் அதைத்தான் அடித்துப் பார்த்தேன். சோற்றுப் பார்சலோடு வந்த அம்மா பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை. பச்சையில் ‘சரி’ வந்ததும் என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

“இது அவன்ர நம்பரெல்லோ! ஆள் இருக்கிறானாமோ, பிள்ளை?”

“இல்லையம்மா, நம்பரை ஒழுங்கா அடிச்சிருக்கோ எண்டு மட்டும்தான் இது பார்க்கும். ஆள் எங்கையெண்டு சொல்ல ஏலாது” என்றேன். அழப்போகிறார் என்று பயந்தேன். அம்மா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போற இடமெல்லாம் இல்லை, இல்லையெண்டுதானே சொல்லுறாங்கள். இதாவது சரியெண்டு சொல்லுது. இன்னொருக்கா அடி.”

அடித்தேன். திரும்பவும் கேட்டார், திரும்பவும் அடித்தேன். சோறு ஆறிப்போனது.

இப்போது அடையாள அட்டையில் பன்னிரண்டு எண்கள் வந்துவிட்டன. அம்மாவும் செத்துப்போய்விட்டார். புதியதை மட்டும் ஏற்றுக்கொண்டால் போதாதா என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்கிறார்கள். ஆனால் நான் செய்யும் எந்த மென்பொருளிலும் அந்தப் பழைய வரியை எடுத்துவிட எனக்கு மனம் வருவதில்லை. அண்ணா வந்தால் பழைய அட்டையோடுதானே வருவார்.