இரண்டாவது ரிப்போர்ட்டை யார் வாங்குவது?

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி லேபில் ஒரு டாக்டரம்மாவிடம் ஸ்கேலை நீட்டியவன் நான்தான்.

மூன்றாவது ஆள் சொல்லி உங்களுக்குத் தெரிவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். (வங்காளத்தில் பெஹாலா என்ற இடத்தில் ஒரு சைபர் கஃபே. தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் தேட வேண்டியிருக்கிறது. பிழை இருந்தால் கம்ப்யூட்டருடையது.)

என் மனைவிக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன். தையலில் சீழ் கட்டிவிட்டது. ஐந்து நாளாக 102 டிகிரி காய்ச்சல்.

செஃப்ட்ரையாக்ஸோன் என்ற ஊசியைக் காலையும் மாலையும் போட்டார்கள். காய்ச்சல் அதைச் சட்டை செய்யவே இல்லை. நான்காம் நாள் அவளுக்கு என்னையே சரியாக அடையாளம் தெரியவில்லை.

இந்த ஊரில் நோயாளியின் ஆட்களுக்கு 'பேஷண்ட் பார்ட்டி' என்று பெயர். ரத்தம், மருந்து, ரிப்போர்ட் எல்லாம் பார்ட்டிதான் அலைந்து வாங்கி வர வேண்டும். எங்கள் வீட்டில் பார்ட்டி நான் ஒருவன்தான்.

சீழைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பிய மறுநாளே ரிப்போர்ட்டை வாங்கி வந்து கொடுத்தேன். 'கிருமி வளரவில்லை' என்று இருந்தது. ஃபைலில் போட்டார்கள். எல்லோருக்கும் திருப்தி.

எனக்கு மட்டும் இல்லை. இதே சைபர் கஃபேயில் உட்கார்ந்து படித்தேன். கிருமி வளர ஒரு நாள் போதாதாம். வளர்ந்த பிறகு எந்த மருந்துக்குச் சாகும், எதற்குச் சாகாது என்று பார்க்க இன்னும் ஒரு நாளாவது ஆகுமாம்.

அப்படியானால் இரண்டாவது ரிப்போர்ட் எங்கே?

வார்டில் கேட்டேன். வந்தால் ஃபைலில் இருக்கும் என்றார்கள். லேபில் கேட்டேன். பார்ட்டி வந்து வாங்காவிட்டால் நாங்கள் என்ன செய்வது என்றார் கிளார்க். மரத் தட்டில் இரண்டு நாளாகக் கிடந்தது.

அங்கேயே நின்று படித்தேன். கிருமியின் பெயர் கிளெப்சியெல்லா. செஃப்ட்ரையாக்ஸோனுக்கு நேராக 'R'. அதாவது, கட்டுப்படாது. ஐந்து நாளாக என் மனைவிக்கு ஏற்றியது அதைத்தான்.

பட்டியலில் இரண்டே மருந்துக்கு 'S'. கட்டுப்படும். சோதனையில் வைத்த அமிக்காசின் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் 19 மில்லிமீட்டர். இமிபெனத்தைச் சுற்றி 26.

நான் துறைமுகத்தில் ஆற்றின் ஆழம் அளக்கும் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன். (பட்டம் இல்லை என்று கடைசி பிரமோஷனை நிறுத்திவிட்டார்கள். அது வேறு கதை. அதையும் மறக்கவில்லை.) எனக்கு 26 என்றால் 26.

லேப் டாக்டரம்மாவிடம் போய், ஸ்கேலை நீட்டி 19, 26 இரண்டையும் காட்டி, பெரிய வட்டம் எதுவோ அந்த மருந்தைத்தான் போட வேண்டும் என்றேன். கிட்டத்தட்ட என் பேத்தி வயசு. பேசியது வங்காளத்தில், தமிழில் தருகிறேன். ('மேஷோமஷாய்' என்பது வயதானவரை மரியாதையாகக் கூப்பிடுவது, நம் 'சித்தப்பா' மாதிரி.)

"மேஷோமஷாய், எங்க வேலை பார்த்தீங்க?"

சொன்னேன்.

"ஆத்துல எல்லாக் கப்பலுக்கும் ஒரே ஆழம் போதுமா?"

"அதெப்படி? ஒவ்வொன்னுக்கும் எவ்வளவு தண்ணி வேணும்னு தனித்தனியாதான் பார்க்கணும்."

"மருந்துக்கும் அப்படித்தான். ஒவ்வொன்னுக்கும் தனி அளவு. அமிக்காசினுக்குப் பதினேழு இருந்தாப் போதும், பத்தொன்பது இருக்கு. ஒன்னோட வட்டத்தை இன்னொன்னோட வச்சுப் பார்க்கக் கூடாது. அந்தப் பெரிய மருந்தை, வேற எந்த மருந்துக்குமே கேக்காதவங்களுக்கு வச்சிருக்கோம்."

நான் அளந்ததில் தவறில்லை. எதை எதோடு அளப்பது என்பதில் சின்ன வித்தியாசம், அவ்வளவுதான்.

எழுதிக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். வார்டு டாக்டருக்கும் அவரே போன் செய்தார். கிட்னி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அன்று மாலையே அமிக்காசின் போட்டார்கள். இரண்டு தையலைப் பிரித்துச் சீழை எடுத்தார்கள்.

வியாழக்கிழமை காய்ச்சல் 99. வெள்ளிக்கிழமை அதுவும் இல்லை.

மனைவி தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி:

"லேபுல அந்தப் புள்ளகிட்ட சண்ட போட்டியளாமே?"

"சண்டை இல்ல. விளக்கம் கேட்டேன்."

"விளக்கம் கேக்கவா ஸ்கேல எடுத்துட்டுப் போனிய?"

யார் சொன்னது என்று கேட்டேன். வார்டில் எல்லோருக்கும் தெரியும் என்றாள்.

எல்லோருக்கும் தெரிந்ததன் விளைவு: சனிக்கிழமை பக்கத்துக் கட்டில் அம்மாவின் மருமகன் தன் லேப் சீட்டை நீட்டினான். அவர்களுக்கும் முதல் ரிப்போர்ட்தான் ஃபைலில் இருந்தது. இன்னும் மூன்று கட்டில்களிலும் அதேதான். இப்போது தினம் பதினொரு மணிக்கு நான் லேபுக்குப் போய் எல்லோருடைய இரண்டாவது ரிப்போர்ட்டையும் வாங்கி வந்து, டாக்டர் கையில் நேராகக் கொடுக்கிறேன். கிளார்க் என்னைப் பார்த்ததும் தட்டை முன்னால் தள்ளிவிடுகிறார்.

நாளை என் மனைவி டிஸ்சார்ஜ். இன்று சிஸ்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார், நாளை மறுநாள் உங்களுக்கு இங்கே வேலை இருக்காதே, மேஷோமஷாய்?

எட்டாம் நம்பர் கட்டிலின் ரிப்போர்ட் நாளை மறுநாள்தான் வருகிறது என்றேன்.