மூன்று நாள் ஆப்சென்ட்

புஷ்பவள்ளி மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள். ஜார்ஜ்டவுன் ஹோட்டல்களுக்குத் துணி வெளுக்கும் ஒரு சலவைக் கூடத்தில் இருபது வருஷமாகப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் அங்கே காதில் விழுந்ததுதான். ஆனால் கணவர் முனுசாமியின் பெயருக்கு வந்த இரண்டு ஆங்கிலக் காகிதங்கள் அவளுக்கு வரிக்கு வரி மனப்பாடம். ஒன்று 2016இல் வந்தது, மற்றது 2023 ஆகஸ்டில். இரண்டிலும் ஒரே சொல் இருந்தது.

முனுசாமி கடலுக்கு அக்கரையில் ஜுருவில் கார் உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் ஆள். பம்போ மோட்டாரோ குழாயோ, எது மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியிலிருந்து விடியுமுன் இறங்கி, கம்பெனி பஸ்ஸில் பாலம் கடந்து, ஏழு மணிக்குள் கார்டு தட்டிவிடுவார். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை ஏறி இறங்கி, மறுநாள் வீங்கிய காலோடு அதே பஸ்ஸைப் பிடிப்பார். 2016 ஆண்டு விருந்தில் அவரை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். 'அவுட்ஸ்டாண்டிங் எம்ப்ளாயி' என்று தங்க எழுத்தில் இருந்தது. கூட்டத்தில் தனியாகத் தெரிகிற ஆள் என்று அர்த்தம் என்றாள் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகள் சாந்தினி. கூட்டத்தில் தனியாகத் தெரிவது முனுசாமிக்குக் கூச்சம். சான்றிதழைப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் மாட்டினார்.

2023 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வீடு திரும்பவில்லை. கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. புதன் காலை புஷ்பவள்ளியும் சாந்தினியும் லீவு சொல்லிவிட்டுத் தொழிற்சாலை வாசலுக்குப் போனார்கள். வாசலில் காவல் நின்ற ஜாகா அவர்களை உள்ளே விடாமல் ஆள்வள அதிகாரியைக் கூப்பிட்டார். வந்தவள் காமினி, முப்பது வயதுக்காரி. கையிலிருந்த திரையைத் திருப்பிக் காட்டினாள். செவ்வாய் காலை 6.48க்கு உள்ளே, மாலை 7.00க்கு வெளியே.

வீட்டுக்குப் போயாச்சு, இங்கே இல்லை என்று காமினி மரியாதையாகத்தான் சொன்னாள்.

மேற்பார்வையாளர் குகனும் வந்தார். முந்தைய தீபாவளிக்கு இவர்கள் வீட்டில் சாப்பிட்டவர். அவர் புஷ்பவள்ளியைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சொல்லக் கூடாதுதான் அக்கா. சிம்பாங் அம்பாட்ல ரொஸ்னான்னு ஒரு பொம்பள, நாசி லெமாக் கடை வச்சிருக்கு. சாமான் வாங்கப் போனா அண்ணன் அங்கதான் உக்காந்திருப்பாரு. எதுக்கும் ஒரு தடவ பாத்துக்குங்க லா."

இருபத்தாறு வருஷ வாழ்க்கையில் அவள் முனுசாமியைச் சந்தேகப்பட்டதே இல்லை. குகன் சொன்ன பிறகு அவர் வாங்கி வந்த நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றுப் பொட்டலங்கள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தன. அன்று முழுவதும் அவள் சாப்பிடவில்லை. அவருடைய சட்டைகளை அலமாரியிலிருந்து எடுத்துக் குப்பைப் பையில் திணித்தாள். சாந்தினி தடுத்தபோது அவளை அறைந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் தனியாகச் சிம்பாங் அம்பாட்டுக்குப் போனாள். சந்திப்பைத் தாண்டி ஒரு மரத்தடியில் கடை இருந்தது. ரொஸ்னா நாற்பத்தைந்து வயது விதவை. மகள் ஹனாவோடு சேர்ந்து இலைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். மேசைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புஷ்பவள்ளி எதையும் விசாரிக்கவில்லை. என் புருஷனை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கத்தினாள். ரொஸ்னா புரியாமல் நின்றபோது அவள் தலையை மூடியிருந்த துடோங்கைப் பிடித்து இழுத்தாள். அது கழன்று சம்பல் சட்டியில் விழுந்தது. அத்தனை ஆண்களுக்கு முன்னால் ரொஸ்னா இரண்டு கைகளாலும் தலைமுடியை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஒருவர் முழுவதையும் கைப்பேசியில் பிடித்தார். சாயங்காலத்துக்குள் அது ஊரெல்லாம் சுற்றிவிட்டது.

வெள்ளிக்கிழமை சாந்தினி வற்புறுத்திப் போலீசில் புகார் கொடுக்க வைத்தாள். போலீஸ் கம்பெனியைக் கேட்டது. கம்பெனி அந்த 7.00 மணியைக் கொடுத்தது. அதனால் பஸ் நிலையத்திலும் படகுத்துறையிலும் பாலத்தடியிலும் தேடினார்கள். தொழிற்சாலைக்குள் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த செவ்வாய், பதிவுத் தபாலில் இரண்டாவது காகிதம் வந்தது. சாந்தினி அதைச் சத்தமாகப் படித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னாள். புதன், வியாழன், வெள்ளி மூன்று வேலை நாளும் தொடர்ந்து ஆப்சென்ட். முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. ஆகவே ஒப்பந்தத்தை அவரே முறித்துக்கொண்டார். கடைசியில் ஒரு பட்டியல் இருந்தது: நுழைவு அட்டை, பாதுகாப்புக் காலணி, தலைக்கவசம், ஸ்பேனர் செட். அதன் தலைப்பில் அந்த அவுட்ஸ்டாண்டிங் இருந்தது.

புஷ்பவள்ளிக்கு அந்தச் சொல் மட்டும் பிடிபட்டது. வேலையை விட்டுத் தூக்கிவிட்டு எதற்குப் பாராட்டுகிறார்கள் என்று கேட்டாள்.

"இங்க அது பாராட்டு இல்லம்மா," என்றாள் சாந்தினி. "இன்னும் திருப்பிக் குடுக்காம நிக்கிற சாமான்னு அர்த்தம்."

அந்தச் சாமான்கள் நான்கும் அப்போது முனுசாமியிடமே இருந்தன. தொழிற்சாலைக்குள்ளேயே இருந்தன.

வெள்ளிக்கிழமை, பதினோராம் நாள், சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்புறம் கழிவுநீர் பொங்கி வழிந்தது. குத்தகை ஆட்கள் வந்து பழைய கட்டடத்துப் பம்புக் குழியின் இரும்பு மூடியைத் தூக்கினார்கள். அடியில் முனுசாமி கிடந்தார்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் அவர் குழிக்குள் இறங்கியிருக்கிறார். துருப்பிடித்த ஏணிப்படி ஒன்று முறிந்து, பன்னிரண்டு அடி ஆழத்தில் விழுந்திருக்கிறார். குழிக்குள் கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. சாயங்காலம் அந்தப் பக்கம் போன துப்புரவு ஆள் ஒருவர், திறந்து கிடந்தால் யாராவது விழுந்துவிடுவார்கள் என்று மூடியை இழுத்து மூடியிருக்கிறார்.

சவப் பரிசோதனை செய்த டாக்டர் நஜ்வா இளம் பெண். முதலில் சுருக்கமாகச் சொல்லி முடிக்கத்தான் பார்த்தார். புஷ்பவள்ளி விடவில்லை. இடுப்பும் வலது தொடையும் முறிந்திருந்தன, ஆனால் தலையில் அடி இல்லை. உடனே இறந்திருக்க வாய்ப்பில்லை. இரண்டு நாள் உயிரோடு இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். எந்த நாள் என்று புஷ்பவள்ளி கேட்டாள். நேரம் சொல்ல முடியாது, அநேகமாக வியாழக்கிழமை என்றார்.

உடலை வீட்டில் வைத்திருந்தபோது தொழிற்சாலையிலிருந்து ஒரு வண்டி ஆட்கள் வந்தார்கள். குகன் வரவில்லை. வந்தவர்களில் நாகூர் மீரான் என்ற மெஷின் ஆப்பரேட்டர், மற்றவர்கள் கீழே இறங்கிய பிறகும் போகாமல் வாசலில் நின்றார். புஷ்பவள்ளி போய் என்னவென்று கேட்டாள்.

"சத்தம் கேட்டுச்சு அக்கா," என்றார். "புதன்கிழமை நாங்க சாப்பிட உக்காந்தப்ப கீழேருந்து டங், டங்னு. பம்பு பேரிங் போச்சுன்னு நெனச்சு குகன்கிட்ட சொன்னேன். கெடக்கட்டும், அடுத்த வாரம் பாக்கலாம்னாரு. வியாழக்கிழம மத்தியானம் நின்னுடுச்சு. சரியாப் போச்சுன்னு நாங்களும் விட்டுட்டோம்."

அவள் அழவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் எத்தனை மணி என்று மட்டும் கேட்டாள். இரண்டு இருக்கும் என்றார் அவர். இரண்டு மணிக்குத் தன் கையில் ரொஸ்னாவின் துடோங் இருந்தது அவளுக்கு நினைவு வந்தது.

அந்த 7.00 மணி எப்படி வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. வெளியேறும்போது கார்டு தட்ட மறப்பவர்கள் தினமும் நாலைந்து பேர் இருப்பார்கள். அதற்கு 'மிஸ்ஸிங் பன்ச்' என்று பெயர். கணினி தானாக ஷிப்ட் முடியும் நேரத்தை அங்கே போட்டு நிரப்பிவிடும். புதன் காலை காமினி நீட்டிய திரையிலேயே அந்த இரண்டு சொற்களும் சின்ன எழுத்தில் இருந்தன. தினமும் பார்த்துப் பழகிய எழுத்து என்பதால் அவள் அதைப் படிக்கவில்லை. அன்று அங்கே மிஸ்ஸிங் என்று பதிவானது ஒரு பன்ச்தான். ஆள் மிஸ்ஸிங் என்பது எங்கேயும் பதிவாகவில்லை.

முனுசாமியின் கைப்பேசிக்குக் கடைசியாக வந்த அழைப்பு செவ்வாய் 2.40க்கு, குகனிடமிருந்து. குழிக்குள் இறங்க எழுத்தில் அனுமதி வேண்டும். கூட ஒரு ஆள் மேலே நிற்க வேண்டும். இரண்டும் இல்லை. தான் வேறு விஷயமாகப் பேசியதாகக் குகன் எழுதிக் கொடுத்தார். சத்தத்தைப் பற்றி யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்றும் எழுதினார். நாகூர் மீரானுக்கு வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம் அது. விசாரணையில் அவரும் சரியாக நினைவில்லை என்று சொல்லிவிட்டார். அனுமதியில்லாமல் குழிக்குள் இறங்கியது இறந்தவரின் தவறு என்று முடிந்தது. மூன்று மாதம் கழித்துக் குகன் புக்கிட் தெங்காவில் வேறொரு தொழிற்சாலைக்குப் பெரிய பதவியில் போனார்.

புஷ்பவள்ளி கேட்டதெல்லாம் ஒன்றுதான். அந்த மூன்று நாள் ஆப்சென்ட்டை அழிக்க வேண்டும், செவ்வாய் மாலை வெளியேறியதாக இருப்பதையும் எடுக்க வேண்டும். மரணம் வேலையிடத்தில் நடந்தது என்பதற்குத் திருத்திய பதிவைத் தொழிலாளர் காப்புறுதி அலுவலகமான சொக்சோவில் கேட்டார்கள். அது இருந்தால்தான் விதவைப் பென்ஷனுக்கு எழுத முடியும். ஆனால் அதற்காக மட்டும் அவள் கேட்கவில்லை.

காமினி அவளை ஏசி அறையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அந்த மாதக் கணக்கைப் பூட்டியாகிவிட்டது, சிஸ்டத்தைத் திறக்கத் தலைமையகம் சம்மதிக்க வேண்டும் என்று விளக்கினாள்.

"கார்டு தட்டலன்னா சிஸ்டத்துல ஆப்சென்ட்தான் அக்கா. அது ஒரு டெக்னிக்கல் வேர்ட், மனசுல வச்சுக்காதீங்க."

"அவரு அங்கதானம்மா இருந்தாரு," என்றாள் புஷ்பவள்ளி. "நீங்கல்லாம் சாயங்காலமானா வீட்டுக்குப் போனீங்க. அவரு ஒருத்தர்தான் போகவே இல்ல."

காமினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் பதிவு அப்படியே இருந்தது.

நவம்பரில் கூப்பிட்டு அனுப்பினார்கள். தலைமையகம் சம்மதித்துவிட்டது, செவ்வாய் மாலை வெளியேறியதை எடுத்துவிட்டு, அவர் உயிரோடிருந்த செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் பிரசென்ட் என்று மாற்றித் தருவார்கள். அதற்கு முன்னால் அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனி மீது தனக்கு அவுட்ஸ்டாண்டிங் கோரிக்கை எதுவும் இல்லை, இனி வழக்கு, புகார் என்று போக மாட்டேன் என்று அதில் இருந்தது. சாந்தினி கையெழுத்துப் போட வேண்டாம் என்று கெஞ்சினாள். வக்கீலைப் பார்க்கலாம், இரண்டு மூன்று வருஷமானாலும் பரவாயில்லை என்றாள். புஷ்பவள்ளி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். திருத்திய தாளை அவர்கள் நீட்டியபோது, தேதிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிபார்த்த பிறகுதான் எழுந்தாள்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிம்பாங் அம்பாட்டுக்குப் போனாள். மரத்தடியில் கடை இல்லை. பக்கத்துப் பட்டறையில் கேட்டு, வரிசை வீடு ஒன்றைக் கண்டுபிடித்தாள். ரொஸ்னா இரும்புக் கதவைத் திறக்காமல் உள்ளேயே நின்றாள். நடந்தது அவளுக்குத் தெரிந்திருந்தது, பத்திரிகையில் பார்த்திருந்தாள். புஷ்பவள்ளி கம்பிகளுக்கு வெளியே கைகூப்பி, தான் செய்தது பாவம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

ரொஸ்னா மலாயில்தான் பதில் சொன்னாள். "அண்ணன் வந்தா மொதல்ல உங்களுக்குத்தான் ஒரு பொட்டலம் கட்டச் சொல்வாரு," என்றாள். "சம்பல் கொறச்சு வைக்கச் சொல்வாரு, உங்களுக்கு வயித்து வலின்னு. வேற ஒண்ணும் அவரப் பத்தி எனக்குத் தெரியாது."

பிறகு, புஷ்பவள்ளி கேட்காமலேயே மற்றதையும் சொன்னாள். வீடியோவைப் பார்த்துவிட்டு, இறந்துபோன தன் கணவரின் அண்ணன் கடையை மூட வைத்துவிட்டார். ஹனாவுக்குப் பேசி வைத்திருந்த இடத்தில் பின்வாங்கிவிட்டார்கள்.

"நீங்க வந்து துடோங்க இழுத்தத எல்லாரும் பாத்தாங்க அக்கா. மன்னிப்புக் கேக்கறத யாரு பாக்கறா?"

அன்று சாயங்காலம் புஷ்பவள்ளி சாந்தினியின் கைப்பேசிக்கு முன்னால் உட்கார்ந்தாள். தன் பெயரைச் சொன்னாள். தன் கணவர் எங்கே இறந்தார் என்று சொன்னாள். சிம்பாங் அம்பாட்டில் தான் அவமானப்படுத்திய பெண் ஒரு தவறும் செய்யாதவள், தப்பு முழுவதும் தன்னுடையது என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். சாந்தினி அதை முகநூலில் போட்டாள். மூன்று நாளில் நாற்பது பேர் பார்த்தார்கள்.

நாலாம் நாள் ஹனாவிடமிருந்து செய்தி வந்தது. இதைப் பார்த்தவர்களில் யாரோ பழைய வீடியோவைத் தேடி எடுத்து மறுபடி பரப்புகிறார்கள், அம்மா இரண்டு நாளாக வெளியே வரவில்லை, தயவுசெய்து அழித்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாள்.

சாந்தினி படித்துக் காட்டினாள். புஷ்பவள்ளி வேலைக்குப் புறப்பட்டு நின்றிருந்தாள். அழித்துவிடச் சொன்னாள். மகள் அழித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, லிப்ட்டை நோக்கி நடந்தாள்.