உம்மணாமூஞ்சியின் ஒரு நாள் சிரிப்பு

பில் போடுகிறவள் உங்களைப் பார்த்துச் சிரிக்காவிட்டால் உங்களுக்கு என்ன குறைந்துபோகிறது?

துணிக்கடை பில் மேஜையில் பல வருடங்களாக இருந்த ஒருத்திக்கு அங்கே வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. வீட்டில் அவள் பேச ஆரம்பித்தால் கணவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். கடையில் மட்டும் உதடு பிரியாது. முன்பற்கள் முழுக்கக் காவிக் கறை. பல் விளக்காத சோம்பேறி என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அவள் வளர்ந்த பகுதியின் ஆழ்துளைக் கிணற்றில் ஃப்ளோரைடு அதிகம். ஈறுக்குள் பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளுக்கு இந்தக் கறை வந்தது. முன்வினையும் இல்லை, மூதேவியும் இல்லை. தண்ணீர், அவ்வளவுதான்.

கடையைப் புதுப்பித்தார்கள். புது மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"இனிமே கஸ்டமரைப் பாத்துச் சிரிச்சுதான் பில்லைக் கொடுக்கணும்மா. பல்லைச் சரி பண்ணிக்கோ. இல்லேன்னா பேக்கிங்குக்குப் போயிடு."

பேக்கிங் என்றால் பின்னால் உள்ள கிடங்கு. நாள் முழுக்க நிற்க வேண்டும். அவள் முழங்கால்கள் இப்போதே படியேற மறுக்கின்றன.

பல் டாக்டர் ஒளித்துப் பேசவில்லை. "வெனீர்னா பல்லு மேல ஒட்டுற மெல்லிசான ஓடும்மா. அது உக்காரணும்னா உங்க பல்லைக் கொஞ்சம் சீவணும். சீவினது திரும்ப வளராது. ஆயுசுக்கும் ஓடு மாத்திக்கிட்டே இருக்கணும்."

"என் பல்லுல சொத்தை இருக்கா டாக்டர்?"

"இல்ல, கல்லு மாதிரி இருக்கு. முதல்ல சீவாம, தற்காலிகமா ஒண்ணு வச்சு விடறேன். ஒரு நாள் போட்டுப் பாருங்க."

மறுநாள் வெள்ளைப் பல்லோடு மேஜையில் உட்கார்ந்தாள். மேனேஜர் எட்டிப் பார்த்தார். "இப்பத்தான்மா மனுஷி மாதிரி இருக்கே."

அதற்கும் சிரித்து வைத்தாள். மதியத்துக்குள் தாடை வலித்தது. ஊழியர்கள் சாப்பிடும் அறையைப் புதுப்பிக்கிறோம் என்று எடுத்துவிட்டிருந்ததால், டிபன் பாக்ஸோடு முதல் தடவையாகக் கிடங்குக்குப் போனாள்.

"அக்கா, பல்லு இப்படி எரியுதே, கரண்ட் பில் யாரு கட்டுறது?" என்றாள் அட்டைப்பெட்டி ஒட்டுகிறவள். கிடங்கே சிரித்தது. அப்போதுதான் பார்த்தாள். சிரித்த வாய்களிலெல்லாம் அதே காவி. எல்லாரும் அவள் பகுதிப் பெண்கள்.

"நீங்க எல்லாம் எப்படி இங்கேயே சேந்தீங்க?"

"வேலை கேட்டு வந்த அன்னைக்கே இந்தப் புது மேனேஜரு பல்லைக் காட்டச் சொன்னாருக்கா. மாடு வாங்குறவன் பாக்குற மாதிரி பாத்துட்டு, நேரா பின்னாடி போன்னாரு."

அவள் டிபன் பாக்ஸை மூடினாள். சாயங்காலம் டாக்டரிடம் போய், "எடுத்துடுங்க" என்றாள்.

"என்னம்மா, பழையபடியே வந்து நிக்கிறே?" என்றார் மேனேஜர் மறுநாள்.

"நல்ல பல்லு சார். சீவ மனசு வரல. நான் போட்ட பில்லுல ஒரு தப்பு காட்டுங்க, நானே போயிடறேன்."

அவர் கம்ப்யூட்டரைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "பேக்கிங்" என்றார்.

இப்போது கிடங்கில் நிற்கிறாள். சாயங்காலம் கால் வீங்கிவிடுகிறது. தைரியசாலி என்று யாராவது சொன்னால் எரிச்சல்தான் வருகிறது. பஸ்ஸில் இடம் கிடைக்காத நாட்களில், முழங்காலுக்குப் பதிலாகப் பல்லையே கொடுத்திருக்கலாமோ என்றும் தோன்றுகிறது. அந்தக் கணக்கை ஒருத்தி போட்டுப் பார்க்கும்படி வைத்ததுதான் அநியாயம்.

அப்படி ஒரு கடை உங்கள் ஊரிலும் இருக்கும். பில் மேஜையில் பளிச்சென்று சிரிக்கிற பெண்ணிடம் கோபப்படாதீர்கள்; அவளுக்கும் தாடை வலிக்கும். நேரே மேனேஜரிடம் போங்கள். "முன்னாடி இருந்த அம்மா எங்கே? அவங்களைத் திரும்ப உட்கார வையுங்க" என்று கேளுங்கள். பணத்தைக் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.